பொதுக் குடியிருப்பை இடித்துக் கட்டினால் ஏற்றத்தாழ்வு குறையுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது அறுபது வருடப் பழமையான அரசு வாடகைக் குடியிருப்பு ஒன்றை இடித்துவிட்டு, அதே நிலத்தில் இன்னும் உயரமாக, வாடகை வீடுகளும் விற்பனை வீடுகளும் கலந்து கட்டப்போகிறார்கள். வறுமை ஒரே இடத்தில் குவிந்து கிடப்பது இதனால் மாறும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். ஏழைகளை நகரத்தை விட்டு வெளியே தள்ளும் வேலை என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி, இதற்கு ஆய்வு ஆதாரம் ஏதும் உண்டா என்பது கேள்வி.

வீட்டுவசதித் திட்டங்களில் பல வருடங்களாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் கண்ணுக்கு இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அந்த இடம் முன்னேறுமா என்பது ஒன்று. அங்கே இருந்த மனிதர்கள் முன்னேறுவார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லா ஊரிலும் பதில் "ஆம்"தான். புதுக் கட்டடம், புது விளக்கு, புதுப் பூங்கா வந்தால் இடம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்றத்தாழ்வு இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. பெரும்பாலான அரசு அறிக்கைகள் முதல் கேள்விக்கான விடையைக் கொடுத்துவிட்டு, இரண்டாவதற்கும் பதில் சொன்ன மாதிரி முடித்துவிடும்.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஆயிரம் ஏழைக் குடும்பங்கள் இருந்த இடத்தில் 400 குடும்பங்கள் மட்டும் திரும்பி வந்து, வசதியான 1,500 குடும்பங்கள் புதிதாகச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் சராசரி வருமானம் பல மடங்காகிவிடும், பள்ளித் தேர்ச்சி கூடும், குற்ற விகிதம் குறையும். ஆனால் பழைய ஆயிரம் குடும்பங்களில் ஒருவருடைய சம்பளம்கூட ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்கள் மாறியதால் எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இப்படி ஒரு திட்டம் வெற்றி என்று யாராவது சொன்னால், வெளியே போன 600 குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்றுதான் நான் முதலில் கேட்பேன். அந்தப் பட்டியலை யாரும் வைத்திருக்கவில்லை என்ற பதில் எத்தனை தடவை வரும் என்பது, இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

இந்தக் குடியிருப்புகள் ஏன் பாழாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இடிப்பதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த புரூயிட்-ஐகோ. தலா 11 மாடி கொண்ட 33 கட்டடங்கள், 1950-களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டவை. 1972-இல் இடிக்கத் தொடங்கி 1976-க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டடக்கலை தோற்றது, உயரமான கட்டடத்தில் ஏழைகள் வாழ முடியாது என்றெல்லாம் அப்போது எழுதினார்கள். ஆனால் கட்டிய செலவை மத்திய அரசு ஏற்றுக்கொண்டு, பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுக்கச் சொன்னதுதான் அதன் அடிப்படைச் சிக்கல். நகரத்தின் மக்கள்தொகை குறைந்தது, வேலையில் இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள், வீடுகள் காலியாகின, வாடகை வரவு சரிந்தது, லிஃப்டும் குழாயும் பழுதாகிக் கிடந்தன. பழுதைப் பார்த்து இன்னும் சிலர் வெளியேறினார்கள். வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது இருந்த ஏழைகளால் கொடுக்க முடியவில்லை. 1969-இல் அங்கே வாடகை கொடாப் போராட்டமே நடந்தது. அதே வருடம்தான் அமெரிக்க நாடாளுமன்றம் பொதுக் குடியிருப்பு வாடகை குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டது. இதே உயரத்தில், இதே காங்கிரீட்டில் கட்டப்பட்டு, பணம் ஒழுங்காக வந்ததால் இன்றும் நன்றாக இருக்கும் குடியிருப்புகள் உலகம் முழுக்க இருக்கின்றன. சிங்கப்பூரில் மக்களில் பெரும்பான்மையோர் அப்படிப்பட்ட அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள்.

இதற்கு இன்றைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஒரு குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த உடனே அங்கே பராமரிப்புப் பணம் வருவது குறையும். இடியப்போகிற கட்டடத்துக்கு ஏன் புதுக் கூரை என்பது நிர்வாகத்தின் வாதம், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. காலியாகும் வீடுகளுக்குப் புதிதாக ஆள் வைக்க மாட்டார்கள், அல்லது குறுகிய காலத்துக்கு மட்டும் யாரையாவது வைப்பார்கள். திட்டம் பேச்சிலிருந்து இடிப்புக்கு வரப் பத்து, பதினைந்து வருடம் ஆவது சாதாரணம். அந்த இடைவெளியில் குடியிருப்பு உண்மையாகவே மோசமாகிவிடும். பிறகு அந்த நிலையைப் படம் பிடித்துக் காட்டி, இதை இடிக்காமல் என்ன செய்வது என்று கேட்பார்கள். இதில் திட்டமிட்ட சதி எல்லாம் எப்போதும் இருக்க வேண்டியதில்லை. பட்ஜெட் எழுதும் முறையே அப்படி அமைந்துவிடுகிறது.

அடுத்தது பணம். அரசு நேரடியாகச் செலவு செய்து பழைய வீட்டுக்குப் பதில் புது வீடு கட்டிக்கொடுத்தால் சண்டை பாதியாகக் குறையும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நிலம் அரசிடம் இருக்கிறது, நகரத்தின் நடுவில் இருக்கிறது, அதன் மதிப்பு ஏறியிருக்கிறது. அதில் அடர்த்தியைக் கூட்டி, கூடுதல் வீடுகளைச் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் வாடகை வீடுகளைக் கட்டலாம் என்பதுதான் சூத்திரம். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் இதற்குள்ளேயே ஒரு சாய்வு இருக்கிறது: விற்பனை விலை எதிர்பார்த்த அளவு வராவிட்டால், கட்டுமானச் செலவு கூடினால், வட்டி ஏறினால், வெட்டு விழுவது எப்போதும் வாடகை வீடுகளின் எண்ணிக்கையில்தான். ஏனென்றால் கணக்கில் லாபம் தராத பகுதி அது ஒன்றுதான். இங்கிலாந்தில் இதற்கென்றே திட்டம் கட்டுப்படியாகுமா என்று பார்க்கும் மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. இத்தனை சதவீத லாபம் வராது, எனவே குறைந்த வாடகை வீடுகளைக் குறைக்கிறோம் என்று கட்டுமான நிறுவனம் அதைக் காட்டிப் பேரம் பேச முடியும்.

லண்டனின் சவுத்வர்க் பகுதியில் இருந்த ஹேகேட் குடியிருப்பு இதற்கு நன்றாகப் பதிவான உதாரணம். 1974-இல் கட்டி முடிக்கப்பட்டது, ஏறக்குறைய 1,200 வீடுகள். மக்களை வெளியேற்றி, 2011-க்கும் 2014-க்கும் இடையில் இடித்தார்கள். அந்த இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புது வீடுகள் வந்தன. அவற்றில் பழைய மாதிரியான சமூக வாடகைக்கு, அதாவது ஏழைகளுக்கான குறைந்த வாடகைக்கு, ஒதுக்கப்பட்டவை, ஒப்புதல் தரப்பட்ட திட்டத்தின்படி, எண்பதை ஒட்டித்தான். வீடுகளின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பானது என்பது உண்மை. ஏழைகள் வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடுகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயின என்பதும் உண்மை. இடையில் இன்னொரு வகை வீடும் உண்டு: சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம் என்று 2011-இல் அங்கே கொண்டுவந்த வகை. லண்டன் மாதிரி ஊரில் சந்தை வாடகையின் 80 சதவீதம் என்பது பழைய சமூக வாடகையைவிடப் பல இடங்களில் இரண்டு மடங்கு. அறிக்கைகளில் இந்த இரண்டு வகையையும் ஒரே வரியில் கூட்டிப்போடுவது வழக்கம். எந்தத் திட்ட ஆவணத்தைப் படித்தாலும், அந்த வரியைப் பிரித்துக் கேளுங்கள்.

சரி, இதன் நேர்மாறான உதாரணமும் இருக்க வேண்டுமே? டொராண்டோவின் ரீஜென்ட் பார்க்கைச் சொல்லலாம். 1940-களின் கடைசியில் கட்டத் தொடங்கிய, கனடாவின் மிகப் பழைய பொதுக் குடியிருப்புகளில் ஒன்று. அங்கே வருமானத்துக்கேற்ற வாடகையில் 2,083 வீடுகள் இருந்தன. 2005-இல் தொடங்கிய மறுகட்டுமானத்தில் அந்த 2,083-ம் மாற்றிக் கட்டப்படும், பழைய குடும்பங்களுக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு என்று எழுதிக்கொடுத்தார்கள். கூடவே விற்பனை வீடுகள், நீச்சல் குளம், கலை மையம் எல்லாம் வந்தன. மாற்று வீடுகளில் ஒரு பகுதியை அதே நிலத்தில் கட்டாமல் பக்கத்துப் பகுதிகளில் கட்டினார்கள் என்பது குறை. வேலை கட்டம் கட்டமாக இருபது வருடமாக நீள்வது இன்னொரு குறை. முதல் கட்டத்தில் வெளியேறிய குழந்தை, கடைசிக் கட்டம் முடிவதற்குள் பெரியவனாகிவிடுகிறான். ஆனாலும் எண்ணிக்கையை முதலிலேயே பூட்டிவைத்ததால் ஹேகேட்டில் நடந்தது இங்கே நடக்கவில்லை. இரண்டு இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான்: நிலத்தின் மதிப்பு, தனியார் பங்கு, கலப்புக் குடியிருப்பு. ஒப்பந்தத்தில் எது மாறக்கூடாது என்று முன்பே எழுதப்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

எழுதிக்கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், சிகாகோ போதாது என்கிறது. அமெரிக்காவில் 1992-இல் ஹோப் 6 என்ற மத்தியத் திட்டம் தொடங்கியது. மோசமான பொதுக் குடியிருப்புகளை இடித்துக் கலப்பு வருமானப் பகுதிகளாக மாற்றுவது நோக்கம். அதுவரை ஒரு வீட்டை இடித்தால் ஒரு வீடு கட்டியே ஆகவேண்டும் என்ற விதி இருந்தது. 1995-இல் அதை நிறுத்திவைத்து, 1998-இல் முற்றிலும் நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு இடிப்பு வேகம் பிடித்தது. சிகாகோ 2000-இல் தன் பெரிய மாற்றத் திட்டத்தைத் தொடங்கி, பத்து வருடத்தில் 25,000 வீடுகளைப் புதுப்பித்தோ புதிதாகக் கட்டியோ தருவோம் என்றது. தலா 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களாக இருந்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பின் கடைசிக் கட்டடம் 2007-இல் இடிந்தது. கப்ரினி-கிரீன் என்ற இன்னொரு குடியிருப்பின் கடைசி உயரக் கட்டடம் 2011-இல் போனது. 1999 அக்டோபர் 1 அன்று குடியிருந்த, குத்தகை விதிகளை மீறாத குடும்பங்களுக்குத் திரும்பும் உரிமை ஆவணமாகவே இருந்தது. ஆனால் பத்து வருடத் திட்டம் பத்து வருடத்தில் முடியவில்லை. இடிப்பு முந்திக்கொண்டது, கட்டுவது பின்தங்கியது. காத்திருந்த குடும்பங்கள் வாடகை மானியச் சீட்டை (தனியார் வீட்டு வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் ஏற்பாடு) வாங்கிக்கொண்டு வேறு பகுதிகளில் குடியேறின, சிலர் இறந்தார்கள், சிலருடைய முகவரியே நிர்வாகத்திடம் இல்லாமல் போனது. திரும்பி வர நினைத்தவர்களுக்கும் புதுக் கலப்புக் குடியிருப்புகளில் தனி நிபந்தனைகள் இருந்தன. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும், சில இடங்களில் போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு. பக்கத்து வீட்டை வாங்கியவருக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. மானியச் சீட்டோடு போனவர்களில் மிகப் பலர் போய்ச் சேர்ந்தது, நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் ஏற்கெனவே ஏழையாகவும் கறுப்பின மக்கள் மிகுதியாகவும் இருந்த பகுதிகளில்தான்.

இப்போது கேட்டவர் உண்மையில் எதிர்பார்த்த இடத்துக்கு வருகிறேன்: இடம்பெயர்ந்த மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இதில் இரண்டு தரப்புக்கும் சங்கடமான விஷயங்கள் இருக்கின்றன. ஹோப் 6 திட்டத்தின் ஐந்து இடங்களில் இருந்து வெளியேறிய குடும்பங்களை அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. மானியச் சீட்டோடு வேறு பகுதிக்குப் போனவர்களிடம் மிகத் தெளிவாகத் தெரிந்த மாற்றம் பயம் குறைந்ததுதான். துப்பாக்கிச் சத்தம் இல்லை, குழந்தையை வெளியே விளையாட விடலாம் என்றார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமூகம் சிதைகிறது என்று வெளியிலிருந்து கவலைப்படுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலைவாய்ப்பில் மாற்றம் எதுவும் இல்லை. உடல்நலம் தொடக்கத்திலேயே மிக மோசமாக இருந்தது, பிறகும் தேறவில்லை. பொதுக் குடியிருப்பில் வாடகைக்குள் அடங்கியிருந்த மின்சாரமும் சூடேற்றும் செலவும் இப்போது தனிக் கட்டணமாக வந்து பலரைக் கடனில் தள்ளின. பழைய இடத்துக்கே திரும்பியவர்கள் சிறு பங்கினரே.

குழந்தைகள் விஷயத்தில் சேதி இன்னும் சாதகமாக இருக்கிறது. 1990-களில் சிகாகோவில் சில கட்டடங்கள் இடிக்கப்பட்டபோது, அதே குடியிருப்பில் இடிக்கப்படாத கட்டடங்களில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு எரிக் சின் என்ற பொருளாதார அறிஞர் 2018-இல் ஆய்வு வெளியிட்டார். இடம்பெயர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது வேலையில் இருக்கும் வாய்ப்பு 9 சதவீதமும், சம்பாத்தியம் 16 சதவீதமும் கூடுதலாக இருந்தன. 1994-இல் ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கிய, சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்த இன்னொரு பெரிய சோதனையும் இதே திசையில் போகிறது. அதில் 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13-ஐத் தாண்டிப் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, சிறிது பாதகமாகக்கூட இருந்தது. பெரியவர்களின் சம்பாத்தியம் மாறவில்லை, ஆனால் மனநலமும் உடல்நலத்தில் சில அம்சங்களும் மேம்பட்டன.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அப்படியென்றால் இடிப்பதே நல்லது என்று முடிவுக்கு வருவதை நான் ஏற்கமாட்டேன். முதல் காரணம், இந்தப் பிள்ளைகளுக்குப் பலன் தந்தது புதுக் கட்டடமோ கலப்புக் குடியிருப்போ கிடையாது. அவர்கள் அந்த இடத்தை விட்டு வெளியே போனவர்கள், கையில் வாடகை மானியத்தோடு போனவர்கள். மானியம் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது. இரண்டாவது, ஒப்பீட்டின் அடித்தளம் 1990-களின் சிகாகோ உயரக் கட்டடங்கள். கும்பல் வன்முறை உச்சத்தில் இருந்த இடங்கள். அதைவிட மோசமான இடத்துக்குப் போவதே கடினம். கூலி வேலைக்குப் போய்வருகிற, பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிற, முப்பது வருடப் பழக்கமுள்ள அண்டை வீட்டாரோடு இருக்கிற ஒரு சாதாரணக் குடியிருப்பைக் கலைத்தால் இதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இடிக்கப்படும் குடியிருப்புகளில் பல இந்த இரண்டாவது வகைதான்.

வயதானவர்களைப் பற்றி இந்த அளவுக்குத் திடமான எண்கள் இல்லை. ஆனால் களத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தனியாக இருக்கிற எழுபது வயதுக்காரருக்கு மருந்து வாங்கித் தருவது, இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்ப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று சம்பளமில்லாத வேலைகள் ஒரு மாடிக்குள் ஏராளமாக நடக்கின்றன. அவர்களை ஐந்து வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பினால் அந்த வேலைகளைச் செய்ய ஆளில்லை. திட்டச் செலவில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

கலப்புக் குடியிருப்பு என்ற யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசதியானவர்கள் பக்கத்தில் வந்தால் ஏழைகளுக்கு வேலைத் தொடர்பு கிடைக்கும், நல்ல பழக்கம் வரும் என்பது அதன் மூல வாதம். சிகாகோவின் கலப்புக் குடியிருப்புகளை நெருக்கமாக ஆராய்ந்த ராபர்ட் சாஸ்கினும் மார்க் ஜோசஃபும் கண்டது வேறு. பாதுகாப்பும் வீட்டுத் தரமும் கூடின. ஆனால் இரு தரப்பும் ஒருவரோடொருவர் பெரிதாகப் பழகவில்லை. வீட்டு உரிமையாளர்கள் சங்கம் விதி போட்டது, வாடகைதாரர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வாசலில் கூட்டமாக உட்கார்வது, பொது இடத்தில் இறைச்சி சுடுவது, பிள்ளைகள் சத்தம் போடுவது எல்லாம் புகாராக மாறின. எனக்கென்னவோ, கலப்பினால் வரும் பலன் அக்கம்பக்கத்து நட்பில் வருவதாகத் தெரியவில்லை. குரல் உள்ளவர்கள் வந்து சேர்ந்ததும் குப்பை வண்டி நேரத்துக்கு வருகிறது, காவல்துறை ஃபோனை எடுக்கிறது. பலன் அப்படித்தான் வருகிறது. அது ஏழைகளுக்கும் உதவும், அவர்கள் அங்கே இருக்கிற வரை. டென்மார்க் இதில் ஒரு படி மேலே போய், 2018 சட்டத்தின்படி, அரசு பட்டியலிட்ட சில பகுதிகளில் பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 2030-க்குள் 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலுக்கான அளவுகோல்களில் குடியிருப்போரின் பூர்வீகமும் சேர்ந்திருந்ததால் வழக்குகள் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயின.

வாடகைதாரர்களை மட்டும் பார்த்தால் இன்னொரு கூட்டம் விடுபட்டுவிடும்: பொதுக் குடியிருப்பில் வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள். பிரிட்டனில் 1980 சட்டத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் தாங்கள் வாடகைக்கு இருந்த கவுன்சில் (உள்ளாட்சி) வீட்டையே வாங்கினார்கள். இடிக்கும்போது அவர்களுக்குப் பழைய வீட்டின் சந்தை மதிப்பு இழப்பீடாக வரும். ஆனால் இடிக்கப்போகிறார்கள் என்று பத்து வருடமாகப் பேசப்பட்ட வீட்டின் மதிப்பு என்னவாக இருக்கும்? அந்தப் பணத்தில் அதே பகுதியில் புது வீடு வாங்க முடியாது. ஹேகேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐல்ஸ்பரி குடியிருப்பில் இது பெரிய வழக்காகி, 2016-இல் அமைச்சர் கட்டாய நில எடுப்புக்கு அனுமதி மறுத்தார். குடியிருப்போரின் மனித உரிமையையும் காரணமாகச் சொன்னார். பிறகு மறு விசாரணை நடந்து, இழப்பீட்டு நிபந்தனைகள் மேம்பட்ட பின் 2018-இல் அனுமதி கிடைத்தது. சிங்கப்பூரில் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டார்கள். 1995-இல் தொடங்கிய செர்ஸ் திட்டத்தில், தேர்ந்தெடுத்த பழைய பிளாக்குகளின் உரிமையாளர்களுக்குச் சந்தை மதிப்பில் இழப்பீடு, பக்கத்திலேயே புதிய 99 வருடக் குத்தகையில் மானிய விலை வீடு, அண்டை வீட்டாரோடு சேர்ந்தே போகும் வாய்ப்பு. புது வீடு தயாரான பிறகே பழையதைக் காலி செய்வார்கள். உலகில் இதைவிடத் தாராளமான ஏற்பாடு குறைவு. அங்கேயும் 2022-இல் அங் மோ கியோவில் 606 வீடுகளை அறிவித்தபோது, அதே அளவு வீட்டுக்குக் கையிலிருந்து பெரிய தொகை போட வேண்டியிருக்கிறது என்று முதியவர்கள் எதிர்த்தார்கள். குத்தகை கரைந்துகொண்டே வரும்போது பழைய வீட்டின் மதிப்பும் இறங்குகிறது என்பதே காரணம். 50 வருடக் குத்தகையில் குறைந்த விலை வீடு என்ற மாற்று வழியைப் பிறகு கொடுத்தார்கள். மொத்த வீடுகளில் 5 சதவீதம்தான் இந்தத் திட்டத்துக்கு ஏற்றவை என்று அரசே சொல்லியிருக்கிறது. அதாவது, நிலத்தில் கூடுதலாகக் கட்டி லாபம் எடுக்க முடிகிற இடத்தில்தான் தாராளம் சாத்தியம்.

நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஏற்றத்தாழ்வு கூடுமா குறையுமா? இங்கே உறுதியாகச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். அப்படிச் சொல்லக்கூடியது ஒன்று: குறைந்த வாடகை வீடுகளின் மொத்த எண்ணிக்கை சுருங்கினால், அந்தச் சுமை இடம்பெயர்ந்தவர்களோடு நிற்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மேலும் விழும். அவர்கள் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கண்ணில் பட மாட்டார்கள். இடிக்கும் குடியிருப்பின் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரும்போது, பட்டியலில் பல வருடமாக நிற்பவர் இன்னும் பின்னால் தள்ளப்படுகிறார். சந்தேகத்துக்குரிய பகுதி, சுற்றுவட்டார வாடகை. கூடுதல் வீடுகள் வருவதால் போட்டி கூடி வாடகை குறையும் என்பது ஒரு வாதம், அதற்கு ஆதரவாக நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. இடத்தின் மதிப்பு கூடி வாடகை ஏறும் என்பது இன்னொரு வாதம், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. காலி மனையில் கட்டும் வீடுகளைப் பற்றிய ஆய்வு முடிவை, மக்கள் வாழும் குடியிருப்பை இடித்துக் கட்டுவதற்கு அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் என் எச்சரிக்கை.

இடிப்பது ஒன்றுதான் வழியா என்ற கேள்வியைக் கேட்டவர் எழுப்பவில்லை, நான் எழுப்புகிறேன். பிரான்ஸில் ஆன் லக்கட்டோன், ஜான்-ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வேறு கூட்டாளிகளோடு சேர்ந்து போர்தோ நகரத்தில் 1960-களின் மூன்று கட்டடங்களை, மொத்தம் 530 வீடுகளை, யாரையும் வெளியேற்றாமல் மாற்றினார்கள். கட்டடத்தின் வெளிப்பக்கமாகப் புதிய சட்டகம் நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆழமான கண்ணாடி வராந்தா சேர்த்தார்கள். வீடு பெரிதானது, வெளிச்சம் வந்தது, சூடேற்றும் செலவு குறைந்தது. இடித்துக் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. அதே முறையை அதற்கு முன்பே, 2011-இல், பாரிஸின் புவா-லு-பிரேத்ர் கோபுரத்தில் 96 வீடுகளில் செய்து காட்டியிருந்தார்கள். 2021-இல் இருவருக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. இருக்கிற காங்கிரீட்டை இடிக்காததால் மிச்சமாகும் கார்பனும் சேர்ந்த லாபம். ஆனால் இந்த வழியில் விற்பதற்குப் புது வீடு கிடைக்காது, அதனால் அரசு கையிலிருந்து பணம் போட வேண்டும். புதுப்பிப்பு என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் புதுப்பித்து முடித்த மறு வருடமே, 2017-இல், வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் பலகைகள் வழியாகத் தீ பரவி 72 பேர் இறந்தார்கள். அந்தப் புதுப்பிப்பு நடந்தபோதே குடியிருந்தவர்கள் பாதுகாப்பைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் ஊர்த் திட்டத்தின் ஆவணத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அது நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுக் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் வரைபடத்தை விட்டுவிட்டு வரிசையைக் கேளுங்கள்: எந்தக் கட்டடம் முதலில் எழும்புகிறது, எது முதலில் விழுகிறது? காலியிடத்தில் முதல் கட்டடத்தைக் கட்டி, மக்களை ஒரே ஒரு தடவை மட்டும் மாற்றினால் பாதி ஆபத்து போய்விடும். முதலில் காலி செய்யுங்கள், ஐந்து வருடத்தில் கூப்பிடுகிறோம் என்றால் சிகாகோவை நினைத்துக்கொள்ளுங்கள். வீடுகளின் எண்ணிக்கையோடு படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். ஏனென்றால் மூன்று அறை வீட்டுக்குப் பதில் ஒற்றை அறை வீடு கட்டினாலும் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சரியாகத்தான் இருக்கும், ஆனால் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம் திரும்ப முடியாது. திரும்புகிறவருக்குப் பழைய குத்தகை உரிமையும் பழைய வாடகைச் சூத்திரமும் அப்படியே தொடருமா, பராமரிப்புக் கட்டணத்தையும் மின் செலவையும் சேர்த்து மாதம் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். விற்பனை சரிந்தால் வாடகை வீடுகளைக் குறைக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பது அதைவிட முக்கியம். லண்டனில் 2018-லிருந்து, மேயரின் நிதி பெறும் பெரிய இடிப்புத் திட்டங்களுக்குக் குடியிருப்போர் வாக்கெடுப்பு கட்டாயம். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் கேட்பதில் தவறில்லை. மெல்போர்னில் 44 உயரக் கட்டடங்களையும் 2051-க்குள் மாற்றப்போவதாக 2023-இல் அறிவித்தபோது, அவற்றில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். பலருக்குச் செய்தி தெரிந்ததே அறிவிப்பு வந்த பிறகுதான். அதை எதிர்த்து அவர்கள் கூட்டாக நீதிமன்றம் போனார்கள், புதுப்பித்தால் என்ன செலவாகும் என்ற கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வணிக ரகசியம் என்று சொல்லிவிடுவார்கள்.